நான் நிறுத்திய சுமைகள்

என் வேலை கை காட்டுவது.

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் இடம் ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறேன். கிரேன் ஓட்டுபவர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே நடப்பது அவருக்குப் பாதிதான் தெரியும். மீதிக்கு நான். விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்குவார். கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்குவார். உள்ளங்கையை விரித்தால் நிறுத்துவார். வாயால் சொல்வதென்றால் தூக்குவதற்கு ஹாபிஸ், இறக்குவதற்கு ஆரியா. எந்த ஊர்ச் சொல் என்று தெரியாது. இங்கே எல்லாருக்கும் அதுதான்.

ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு என்று ஒருவன்தான் சொல்லலாம். நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டு வருபவன் சொன்னாலும் கிரேன் நிற்க வேண்டும். நிறுத்தினவனை யாரும் திட்டக் கூடாது. காரணம் மட்டும் கேட்பார்கள். சூப்பர்வைசர் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்வார். காற்று. கீழே ஆள். கம்பி முறுக்கு. ஒரு வார்த்தை போதும்.

நல்ல விதி. குறை சொல்லவில்லை. ஆனால் என்னைப் போன்றவனுக்கு அது ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத சமாசாரம் இது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கரக்பூரில் அப்பா ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருந்தார். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அதோடு சரி. பிறகு இங்கே வந்து பன்னிரண்டு வருடம் தொட்டிக்குள் வேலை செய்தேன். கப்பலின் அடிவயிற்றில் தண்ணீர் நிரப்ப இரும்பு அறைகள் இருக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே உட்கார்ந்து துருவைச் சுரண்டுவோம். ஒரு பல்பு, ஒரு காற்றுக்குழாய். துணி கட்டிக்கொண்டாலும் எச்சில் சிவப்பாக வரும். கடைசியில் மூச்சு வாங்கியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி தொட்டிக்குள் போனால் என்னிடம் வராதே என்றார். அப்புறம்தான் கை காட்டும் வேலை. ஆறு வருடம் ஆகிறது.

இந்த வருடம் புது உத்தரவு வந்தது. கை காட்டுபவனுக்குச் சான்றிதழ் வேண்டும். பரீட்சை எழுத மூன்று தடவை விடுவார்கள். விஸ்வகர்மா பூஜைக்குப் பிறகு சான்றிதழ் இல்லாதவன் கை தூக்கக் கூடாது. எங்கே போவான்? தொட்டிக்கு. ஒப்பந்தக்காரர் அதை மறைக்கவில்லை. வேறு வேலை இல்லை என்றார்.

ஆறு வருடம் செய்த வேலைதான். பரீட்சையில் புதிதாக எதுவும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்து, உனக்கென்ன என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் தடவை போகவில்லை. பாதுகாப்பு ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்றிருந்தார்கள். என் ஷூவின் அடி பிளந்திருந்தது. முதல் நாளே தெரியும். பக்கத்து லைனில் இருப்பவரிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. காலையில் ஷூவை எடுத்துப் பார்த்துவிட்டு, இதோடு எப்படிப் போவது என்று உட்கார்ந்துவிட்டேன். அப்போது அது எனக்குச் சரியான காரணமாகத்தான் பட்டது.

இரண்டாம் தடவை ஷூ நன்றாக இருந்தது. பரீட்சை மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். லான்ச் ஏறிப் போனேன். அக்கரையில் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. லான்ச் திரும்பியது. இந்தக் கரைக்கு வந்தது. மறுபடி போனது. டிக்கெட் பார்ப்பவர் மூன்றாம் முறை என்னிடம் வந்து நின்று, சித்தப்பா என்று வங்காளியில் கூப்பிட்டார்.

"காக்கு, எந்தப் பக்கம் போகணும்?"

"இந்தப் பக்கம்தான்."

"இந்தப் பக்கம்னா எது?"

எனக்கே தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்றேன்.

மனைவி மாவு அரைத்து காலனியில் விற்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இங்கே எதுவும் நடக்காது. என்னோடு பரீட்சைக்குப் போன ஒருவர் வீட்டுக்கு மாவு கொடுக்கப் போனவள், அவர் பாஸ் ஆன ஸ்வீட்டோடு திரும்பி வந்தாள். தட்டை என் முன்னால் வைத்தாள்.

"தள்ளிப்போன பரீட்சையில பாஸ் ஆயிட்டாராம். எடுத்துக்கோங்க."

சந்தேஷ் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"ஏங்க, உங்களுக்கு அந்தத் தொட்டி வேணுமா?"

"வேணாம்."

"அப்ப ஏன்?"

"தெரியல."

"தெரியலன்னா யாருக்குத் தெரியும்? என்னைக் கேக்கச் சொல்றீங்களா?"

அவள் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிரேன் ஓட்டுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். என்னை அண்ணா என்று கேலியாகக் கூப்பிடுவார். தெற்கத்திக்காரன் எவனானாலும் அவருக்கு அண்ணாதான். நான் அவரைத் தாதா என்பேன், வங்காளியில் அதுவும் அண்ணன்தான். அவர் பேசுவது வங்காளி, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் தடவை கோட்டை விட்டது அவருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூண்டுக்கு ஏறி வரச் சொன்னார். போனேன். கூண்டின் உள்சுவரில் சாக்பீஸ் கோடுகள்.

"என்ன தாதா இது?"

"ஒரு வாரத்துல நீ நிறுத்தினது."

சுவரில் பாதி கோடாக இருந்தது. கீழே ஓரமாக ஏழெட்டுக் கோடு தனியாக.

"அது?"

"அது மத்த ஷிப்ட்டுக்காரன் நிறுத்தினது. அதே வாரம்."

அதுவரைக்கும் இந்த யார்டிலேயே ஜாக்கிரதையான ஆள் நான்தான் என்று நினைத்திருந்தேன். ஆறு வருடத்தில் என் கையில் ஒரு விபத்து இல்லை. அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன்.

"எல்லாத்துக்கும் காரணம் சொன்னேனே, தாதா."

"சொன்னே. உனக்குக் காரணமா இல்லை? இறக்குற இடம் ஒரு கை தூரத்துல வரும்போதுதான் உனக்குக் காரணம் வரும். தூரமா இருக்கிறப்போ வராது. கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அன்று மாலை கவனித்தேன். அவர் சொன்னது சரி. இரும்புத் தகடு மேலே போகும்போது என் கை சும்மா இருந்தது. இறங்கி உட்காரப் போகும்போது விரிந்தது. காற்று என்றேன். கொடி அசையவில்லை.

பிறகு பழையதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்த ஊரின் தெற்கே எங்கள் ஆட்கள் கூடும் கோயிலில் ஒரு பங்குனி உத்திரத்துக்குச் சாமி தூக்கக் கூப்பிட்டார்கள். கேட்டு முடிக்குமுன் தோள் வலி என்றேன். தோள் வலி இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து வலித்தது, ஒரு வாரம் எண்ணெய் போட்டேன். ரயில்வேயில் ஆள் எடுத்தபோது அப்பா மனு வாங்கி வந்தார். எல்லாம் எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. பேனா மை சரியில்லை என்று எடுத்து வைத்தேன். அப்புறம் கடைசித் தேதி போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஒன்றுகூடப் பொய் என்று அப்போது தோன்றவில்லை. இதுதான் எனக்குக் குழப்பம். பொய் சொல்கிறவனுக்குத் தான் பொய் சொல்வது தெரியும் அல்லவா? எனக்குத் தெரியவில்லையே.

மகள் பதினொன்றாவது படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. வங்காளி தண்ணீர் மாதிரி வரும். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் மாவு வாங்க ஆள் வந்து போகும் வீடு. எல்லாம் காதில் விழும்.

"அப்பா, நான் ஸ்கூல்ல பிக்னிக்னு வாயைத் திறந்தேன், நீ இல்லைன்னுட்டே. எங்கேன்னுகூடக் கேக்கல."

"எங்கே?"

"அட போப்பா, அது போன மாசம். முடிஞ்சு போச்சு." சிரித்தாள். "ஒண்ணு பண்ணு. இனிமே வேணாம்னு சொல்லத் தோணினா மனசுக்குள்ள பத்து எண்ணு. பத்துக்கு அப்புறமும் வேணாம்னா வேணாம்."

"யார் சொன்னா?"

"போன்ல இருந்துச்சு."

அவள் சொன்னது வீட்டுக்கு. நான் அதை யார்டுக்கு எடுத்துப் போனேன். இப்போது நினைத்தால் எப்படி அவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்று இருக்கிறது. அப்போது புத்தியுள்ள காரியமாகத்தான் பட்டது. கை விரியப் பார்த்தால் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு. பெரும்பாலும் ஐந்துக்குள் பயம் போய்விடும். தகடு போய் உட்கார்ந்துவிடும். இரண்டு நாள் நன்றாக இருந்தது. தாதா மேலிருந்து கும்பிடு போட்டார்.

மூன்றாம் நாள் ஒரு தகட்டின் மூலை சாரத்தை நோக்கித் திரும்பியது. கண்ணால் பார்த்தேன். நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. எண்ணினேன். நான்கு, ஐந்து. ஆறில் மூலை சாரத்தில் இடித்தது. ஒரு பலகை கழன்று கீழே விழுந்தது. கீழே ஆள் இல்லை. இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தாதா இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"தூங்கிட்டியா?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எதை?"

சொன்னேன். விழுந்த பலகையை எடுத்து ஓரமாக வைத்தார். "உன் பொண்ணுக்கிட்ட சொல்லு, கிரேன் பிக்னிக் இல்லைன்னு" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பழையபடி ஆனேன். இன்னும் மோசமாக. எதற்கும் கை விரிந்தது. மூன்றாம் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அதற்கு நடுவில் ஒன்று நடந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை விளங்கவில்லை.

கம்பியையும் சுமையையும் இணைக்கும் இரும்பு வளையத்தை ஷாக்கிள் என்போம். குறுக்கே ஒரு ஆணி, திருகித்தான் பூட்டும். அன்று ஒரு பைப் கட்டு, அதைக் கட்டிய நான்கு பேர் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். தரையிலிருந்து ஒரு முழம்கூட ஏறவில்லை. கை விரிந்தது. எதையும் பார்க்கவில்லை. எதுவும் தோன்றவில்லை. கை விரிந்தது, அவ்வளவுதான். சூப்பர்வைசர் தாளோடு வந்தார். எனக்கு ஒரு காரணம் வேண்டும். ஷாக்கிள் ஆணி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போய்ப் பார்த்தார்கள். ஆணி பாதிதான் திருகியிருந்தது.

எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். சூப்பர்வைசர், மனுஷக் கண்ணா இது என்றார். யாரோ ஜிலேபி வாங்கி வந்தார்கள். நான் ஆணியைப் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அப்படியானால் என் கைக்கு என்னைவிட அதிகம் தெரியுமா? இல்லை, நூறு தடவை வீணாய் நிறுத்துகிறவனுக்கு ஒரு தடவை குருட்டாம்போக்கில் ஆணி கிடைக்குமா? இத்தனை நாள் விட வேண்டிய பழக்கம் என்று நினைத்தது, அன்று நான்கு பேரைக் காப்பாற்றியது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? இரண்டும் ஒரே கையில் இருக்கிறது. தாதாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"பாக்கவே இல்லையா?"

"இல்லை."

அவர் பீடியைப் பற்றவைத்தார். "சரி, அப்ப எனக்கும் புரியல" என்றார்.

மூன்றாம் பரீட்சை அன்று காலையில் மனைவி மாவு அரைக்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்கே?"

"உங்களோட."

"எதுக்கு?"

"முதல்ல ஷூ கிழிஞ்சுது. அப்புறம் தள்ளிப்போச்சு. இன்னைக்கு ஆத்துல வெள்ளம் வருதான்னு பாக்கணும்."

லான்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கரை வந்தது. அவள் முதலில் எழுந்து என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். பார்க்காததால் சொல்ல ஆள் இல்லை. இறங்கினேன்.

மைதானத்து வாசலில் டீக்கடை பெஞ்சு இருந்தது. அவள் அதில் உட்கார்ந்துகொண்டாள்.

வாயால் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். பிறகு கிரேன். ஒரு சிமெண்ட் கட்டையைத் தூக்கி, இரண்டு கயிறுகளுக்கு நடுவே கொண்டுபோய், தரையில் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். கிரேனில் இருந்தவர் முன்பின் தெரியாதவர். பரீட்சை வைப்பவர் ஒல்லியான ஆள், கையில் குடை, கக்கத்தில் அட்டை. ஹிந்தியில் பேசினார். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும் என்றார்.

தூக்கினேன். பாதியில் காற்று அடித்தது, கட்டை ஆடியது. நிறுத்தினேன். "காற்று." எழுதிக்கொண்டார். கயிற்றைத் தாண்டி ஒரு ஆள் குறுக்கே நடந்தான். வேண்டுமென்றே அனுப்பியிருப்பார்கள். நிறுத்தினேன். "ஆள்." எழுதினார். தலையசைத்தார்.

கட்டை வட்டத்துக்கு மேலே வந்தது. ஒரு கை தூரம். காற்று இல்லை. ஆள் இல்லை. கை விரிந்தது.

"காரணம்?"

கம்பி முறுக்கு என்று நாக்கின் நுனியில் இருந்தது. கம்பியைப் பார்த்தேன். நேராக இருந்தது. ஷாக்கிளைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அவரும் என்னோடு சேர்ந்து பார்த்தார்.

சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றியது என்று சொல்லியிருந்தாலும் எழுதிக்கொண்டிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. துணிச்சல் எதுவும் இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"காரணம் இல்லை சார்."

"இல்லையா?"

"இல்லை. கை விரிஞ்சுடுச்சு."

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கிரேனில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். கட்டை தொங்கியது.

"அடிக்கடி ஆகுமா?"

"ஆகும்."

"இப்ப இறக்கினா ஆபத்தா?"

எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். மேலே, கீழே, சுற்றி.

"இல்லை."

"அப்போ?"

விரலைக் கீழே காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கை மடியவில்லை. விரித்தது விரித்தபடி நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வியர்வை கண்ணில் இறங்கியது. தொட்டியை நினைத்தேன், அது உதவவில்லை. பெஞ்சில் இருப்பவளை நினைத்தேன், அதுவும் இல்லை. பயம் போகட்டும் என்று நின்றேன். போகவில்லை. கடைசியில் பயம் இருக்கும்போதே மற்ற விரல்களை மடக்கினேன். ஒரு விரல் மிச்சம் இருந்தது. அதைக் கீழே திருப்பிச் சுழற்றினேன். வாயும் தானாக ஆரியா என்றது, பரீட்சையில் வாயால் சொல்லத் தேவையில்லை என்றாலும்.

கட்டை இறங்கியது. ஒரு ஓரம் கோட்டுக்கு நாலு விரற்கடை வெளியே. வட்டத்தை அவர் குனிந்து பார்த்தார். அட்டையில் ரொம்ப நேரம் எழுதினார். தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"பாஸ். மூணாவது நிறுத்தத்துக்கு மார்க் குறைச்சிருக்கேன்."

"சரி சார்."

"நிறுத்தினதுக்கு இல்லை. அவ்வளவு நேரம் சுமையைத் தொங்கவிட்டதுக்கு." பிறகு நின்று, "காரணம் இல்லைன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை. அந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு எனக்கே தெரியல. கோடு போட்டிருக்கேன்" என்றார்.

வெளியே வந்தேன். அவள் எழுந்தாள்.

"என்ன?"

"பாஸ்."

என் முகத்தைப் பார்த்தாள். தள்ளிப்போச்சு என்று சொன்னபோதும் இதே முகம்தான் அவளுக்கு. கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எனக்கும் வராது.

"முத்திரை எங்கே?"

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். மை லேசாக ஒட்டியது.

"அப்புறம் ஏன் இப்படி நிக்கிறீங்க? பெயிலான மாதிரி."

"நடுவுல நின்னுடுச்சு. கை."

"அப்புறம்?"

"இறக்கிட்டேன்."

"எப்படி?"

யோசித்தேன். இரண்டு பேரும் லான்ச் துறை வரை நடந்துவிட்டோம். பயம் போய் இறக்கியிருந்தால் அதை ஒரு வழி என்று வைத்துக்கொள்ளலாம். பயம் அங்கேயே இருந்தது. நாளைக்கும் இருக்கும். நாளைக்கு விரல் மடங்குமா என்று யாருக்குத் தெரியும்? மடங்கக் கூடாத நேரத்தில் மடங்கினால்? அந்த ஆணி மாதிரி ஒன்று இருந்தால்?

"தெரியல" என்றேன்.

அவள் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தொட்டிக்குள்ள போக வேணாமில்ல?"

"வேணாம்."

"எனக்கு அது போதும்."

எனக்கு அது போதுமா என்று தெரியவில்லை. ஆனால் தொட்டிக்குள் போக வேண்டாம். அது மட்டும் தெரிந்தது. லான்ச் வந்தது, ஏறினோம்.